பினாங்கில் முதலில் ஊர், பிறகு அறை

பினாங்குக்கு விடுமுறை என்று முடிவானதும் பலர் முதலில் செய்வது கடற்கரை ரிசார்ட்டுகளின் படங்களைப் பார்த்து அறை பிடிப்பதுதான். நீச்சல் குளமும் பால்கனியிலிருந்து தெரியும் கடலும் மனத்துக்குப் பிடித்துவிடுகின்றன. நான்கு இரவுக்கும் பணம் கட்டியாகிவிடுகிறது. ஊரைப் பற்றிய விசாரணை அதற்குப் பிறகுதான். மாலத்தீவுக்கு இந்த வரிசை சரி. அங்கே பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட், அதைத் தாண்டிப் போக இடம் இல்லை. பினாங்குக்கு இது பொருந்தாது. 2023 டிசம்பரில் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு வந்தது. அடுத்த டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானமும் வந்துவிட்டது. வழி இவ்வளவு எளிதான பிறகு, தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்கும் கோலாலம்பூரிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இரவுகளை ஊருக்கும் கடற்கரைக்குமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், எந்த அறை என்பதைக் கடைசியாக முடிவு செய்யுங்கள்.

காரணம் கடலிலேயே தொடங்குகிறது. ரிசார்ட்டுகள் வரிசையாக நிற்கும் பத்து ஃபிரிங்கி, தீவின் வடகரையில் இருக்கிறது. மலாயில் பத்து என்றால் பாறை. ஃபிரிங்கி நம்முடைய பரங்கிதான். சென்னைக்குப் பரங்கிமலை போல இந்தத் தீவுக்கு ஒரு பரங்கிப் பாறை. மணல் நீண்டு கிடக்கிறது, சவுக்கு மரங்கள் நிழல் தருகின்றன, மாலையில் காற்றும் நன்றாக வீசும். ஆனால் எதிரே இருப்பது மலாக்கா நீரிணை. ஆழம் குறைந்த, வண்டல் கலந்த நீர் அது. மாலத்தீவுப் படங்களில் காணும் கண்ணாடி நீலத்தை இங்கே தேடக் கூடாது. ஜெல்லி மீன் கொட்டும் அபாயமும் உண்டு என்பதால், கடலில் இறங்குவதற்கு முன் விடுதிப் பணியாளர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தெளிந்த நீரும் பவளப்பாறையும்தான் வேண்டும் என்றால், தீபகற்பத்தின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளுக்குப் போவதே சரி. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அங்கே பெரும்பாலான விடுதிகள் மூடிக் கிடக்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் பினாங்குக்கு ஏன் வர வேண்டும்? இந்தத் தீவின் ஆடம்பரம் கடற்கரையில் பிறந்ததல்ல, துறைமுகத்தில் பிறந்தது என்பதுதான் பதில். 1786இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய ஜார்ஜ் டவுன், வணிகத்தால் செழித்த ஊர். 1885இல் ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் இங்கே ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலைத் தொடங்கினார்கள். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஹோட்டலை அவர்கள் தொடங்கியது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். நீளமான கடல்முகம் கொண்ட அந்த ஹோட்டலின் முன்னால் மணலே கிடையாது; கடற்சுவரில்தான் அலை மோதுகிறது. சியோங் ஃபாட் சே என்ற சீன வணிகரின் நீல மாளிகை இன்று விடுதியாக இருக்கிறது. சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து பூசிய அதன் சுவர்களை வெயில் ஏறுவதற்கு முன் ஒருமுறை, சாய்ந்த பின் ஒருமுறை பார்க்க வேண்டும். நிறம் ஒன்றாக இருக்காது. பத்து ஃபிரிங்கியின் பெரிய ரிசார்ட்டுகள் இவற்றுக்கெல்லாம் வெகு காலம் பிந்தியவை. 1969இல் பினாங்கு தன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. பிழைப்புக்கு வேறு வழி தேடிய மாநிலம் தொழிற்சாலைகளையும் சுற்றுலாவையும் நம்பியது. ராசா சயாங் ரிசார்ட் 1973இல் வந்தது.

தமிழ் வாசகருக்கு இந்த ஊரில் இன்னும் நெருக்கமான சொத்து இருக்கிறது. குவீன் வீதியின் மகாமாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், பினாங்கு வீதியின் நகைக்கடை, துணிக்கடை வாசல்கள் எல்லாமே நடக்கும் தூரத்தில் உள்ளன. நாசி கண்டார் கடையில் சோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, கறிக் குழம்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். குழம்பு தட்டு முழுக்கப் பரவ வேண்டுமானால் ‘பஞ்சிர்’ என்று கேட்க வேண்டும். மலாயில் அதற்கு வெள்ளம் என்று பொருள். கண்டார் என்பது தோளில் வைக்கும் காவடித் தண்டு. ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் சுமந்து தெருத்தெருவாக விற்ற தமிழ் முஸ்லிம்களின் உழைப்பு அந்தப் பெயரிலேயே நிற்கிறது. எவ்வளவு பெரிய ரிசார்ட்டின் பஃபேயிலும் இதே பெயரில் ஒரு பாத்திரம் வைக்கலாம். அந்தக் கடையும் தெருவும் அங்கே வராது.

கடற்கரையில் தங்கிக்கொண்டு பகலில் ஊருக்குப் போய்வந்தால் போதாதா என்று கேட்கலாம். தூரம் சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனால் தஞ்சோங் பூங்கா வழியாக மலையோரம் வளைந்து வரும் அந்தச் சாலை மாலையிலும் வார இறுதியிலும் நெரிசலில் திணறும். அதைவிடப் பெரிய தடை வெயில். ஜார்ஜ் டவுனைக் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரையும், மாலை ஐந்துக்குப் பிறகும்தான் சுகமாக நடந்து பார்க்க முடியும். ரிசார்ட்டில் தங்கியவர் முதல் பொழுதில் காலையுணவு மேசையில் இருப்பார், இரண்டாம் பொழுதில் திரும்பும் காரில் இருப்பார். ஊருக்குள் அவர் நிற்பது உச்சி வெயிலில். ‘பினாங்கில் பார்க்க ஒன்றும் இல்லை’ என்று சிலர் சொல்வதற்கு இந்த நேரக் கணக்கே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஓய்வெடுக்க வருகிறவர்களை ஏன் அலையவிடுகிறீர்கள் என்ற கேள்வியும் வரும். ஆண்டு முழுதும் உழைத்தவருக்குக் குளக்கரை நாற்காலியில் படுத்திருக்க முழு உரிமை உண்டு. அதற்காகத்தான் முதல் இரண்டு இரவை ஊரிலும் அடுத்த இரண்டைக் கடற்கரையிலும் வைக்கச் சொல்கிறேன். நடந்த கால்களுக்கு அந்த ஓய்வு இரட்டிப்பாக இனிக்கும். சிறு குழந்தைகளோ முதியவர்களோ உடன் இருந்தால் பெட்டியை இடம் மாற்றுவது சிரமம்தான்; அவர்கள் கடற்கரையிலேயே தங்கி, இரண்டு நாள் அதிகாலையில் ஊருக்கு வந்துவிட்டு வெயிலுக்கு முன் திரும்பட்டும். கடற்கரையில் இருக்கும் நாள்களிலும் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒன்று காத்திருக்கிறது. பத்து ஃபிரிங்கிக்குச் சற்று அப்பால் தெலுக் பஹாங்கில் தொடங்கும் பினாங்கு தேசியப் பூங்காவில், காட்டுப் பாதை வழியே நடந்தால் பந்தாய் கெராச்சுட் கடற்கரை. அங்கே நன்னீரும் உப்புநீரும் கலக்காமல் மேலும் கீழுமாக நிற்கும் பருவகால ஏரி ஒன்றும், ஆமை பாதுகாப்பு நிலையமும் இருக்கின்றன. திரும்பும் நாளையும் கவனியுங்கள்: விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் தீவின் தென்கிழக்கில் உள்ளது. வடகரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஒதுக்க வேண்டும்.

பணக் கணக்கிலும் கவனம் வேண்டும். மலேசிய ஹோட்டல்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டு ‘பிளஸ் பிளஸ்’ என்பார்கள். சேவைக் கட்டணமும் அரசின் சேவை வரியும் அதற்கு மேல் வரும் என்று பொருள். சேவைக் கட்டணம் பொதுவாக 10 விழுக்காடு. அறைக்கான வரி 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. ஆக, 1000 ரிங்கிட் என்று பார்த்த அறை 1180க்கு அருகில் போய் நிற்கும். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும், அதோடு மாநிலத்தின் சிறு கட்டணமும் உண்டு. பணம் கட்டும் முன் மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசா விலக்கு தொடர்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

மழை செப்டம்பர், அக்டோபரில் அதிகம். ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். தைப்பூசம் அந்த நல்ல பருவத்தில்தான் வருகிறது. பூசத்துக்கு முந்தின நாள் நகரத்தாரின் வெள்ளித் தேர் பினாங்கு வீதியிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலை நோக்கிப் புறப்படும். தமிழரும் சீனரும் வழியெல்லாம் குவித்து உடைக்கும் தேங்காயில் தார்ச் சாலையே வெள்ளையாகிவிடும். அந்த நாள்களில் சாலைகள் மூடப்படும், கடற்கரையிலிருந்து வந்து சேர்வது கடினம். தேர் பார்க்க வருகிறவர்கள் ஊருக்குள்ளேயே, நடக்கும் தூரத்தில், பல மாதம் முன்கூட்டியே அறை பிடித்துவிடுங்கள்.