மாவைப் பொங்க வைக்கும் மஞ்சள் நீர்

கடையில் ஈஸ்ட் வாங்காமலே ரொட்டி மாவைப் பொங்க வைக்க முடியுமா?

முடியும்! எத்தியோப்பியக் கிராமத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே அன்றாடச் சாப்பாடு இஞ்ஜெரா என்னும் ரொட்டி. பார்க்க நம்ம வீட்டுத் தோசை மாதிரிதான், ஆனால் பெரிய தட்டையே மூடும் அளவுக்கு அகலம். அதற்கான தானியம் டெஃப். விரல் இடுக்கில் நழுவி ஓடும், அவ்வளவு பொடி!

டெஃப் மாவைக் கரைத்து மூடி வைத்தால், சில நாளில் புளித்து, மேலே மஞ்சளாக நீர் தெளிந்து நிற்கும். அதற்குப் பெயர் எர்ஷோ. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் உயிரோடு இருக்கும். அதில் கொஞ்சம் எடுத்து வைத்து, அடுத்த முறை கரைக்கும் மாவில் ஊற்றுவார்கள். புது மாவும் தானாகப் புளிக்கத் தொடங்கிவிடும்.

புளித்த மாவில் ஒரு பங்கைக் கொதிக்க வைத்து மறுபடி மாவிலேயே கலப்பார்கள். அது பொங்கியதும், சூடான மண் தட்டில் ஓரத்திலிருந்து நடுவரை வட்டமாக ஊற்றி மூடுவார்கள். திருப்பிப் போடுவதில்லை. குமிழ்கள் வெடித்து மேலெல்லாம் குட்டிக் குட்டித் துளைகள் விழும். மேலே ஊற்றும் காரமான குழம்பை உறிஞ்சிக்கொள்வது அந்தத் துளைகள்தான்!

எர்ஷோவில் வாழும் நுண்ணுயிர்கள் வீட்டுக்கு வீடு மாறும். அதனால் புளிப்பும் மணமும் மாறும். கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்களைக் காலங்காலமாகக் காப்பாற்றி வரும் எத்தியோப்பியப் பெண்களின் கைப்பக்குவம், போற்ற வேண்டிய பெரிய அறிவு.