குளத்து மடைகளுக்கும் குடிநீர்த் தொட்டிகளுக்கும் பூட்டுக் காவல்

குற்றால மலையில் உற்பத்தியாகித் தென்காசி, வீரகேரளம்புதூர் பக்கங்களிற் பாய்ந்து, சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாறு, மலையில் மழை பெய்தால் திடீரெனப் பெருகி, மழை நின்றால் விரைவில் வடிந்துவிடும் இயல்புடையது. அதன் அணைக்கட்டுக் கால்வாய்களால் நிரம்பும் குளங்களில் தங்கும் ஜலமே கார், பிசான சாகுபடிகளுக்கு ஆதாரம். ஓர் இரவில் ஒருவர் திருட்டுத்தனமாய் மடையைத் திறந்துவிட்டால், கடைமடை வயல்கள் கதிர் வாங்கும் தருணத்திற் காய நேரிடும். ஆகையால் மடைப் பூட்டை அற்ப விஷயமாக எண்ணலாகாது.

திருகுக் கம்பியால் ஏறியிறங்கும் இரும்புப் பலகை மடைகளில், திருகும் கைப்பிடியைக் கழற்றிப் பத்திரப்படுத்துவதே முதற்காவல். அடுத்தது பூட்டு. சங்கிலி மெலிந்தும் கொண்டி துருவேறியும் இருக்கையில், பூட்டு மட்டும் பெரிதாயிருந்து பயனில்லை. திருடுபவன் பூட்டைத் தொடான், கொண்டியைப் பெயர்ப்பான். ஆதலின் கொண்டியைக் கட்டுமானத்திற் காரைக்குள் ஆழப் பதித்தல் வேண்டும். வெயிலும் மழையும் படும் இடத்துக்குப் பித்தளைப் பூட்டு ஏற்றது. சாவித் துவாரத்துக்குத் தகட்டு மூடி அமைத்து, மாதம் ஒரு முறை இயந்திர எண்ணெய் விடுக. மூடிய நிலையிற் கம்பி நிற்கும் மட்டத்தைச் சாயத்தாற் குறித்து வைத்தால், மடை சிறிது உயர்த்தப்பட்டிருப்பினும் பார்த்தவுடன் தெரியும்.

சாவிக்குக் கணக்கில்லாத பூட்டு, பூட்டாகாது. ஒவ்வொரு பூட்டுக்கும் எண்ணிட்டு, சாவியைப் பெற்றவர் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றை ஒரு புத்தகத்திற் பதிவு செய்தல் நலம். சாவி தொலைந்தால் வேறு சாவி செய்வியாது, பூட்டையே மாற்றுக.

எனினும் வெள்ளக் காலத்தில் நிலைமை வேறு. உபரி ஜலத்தை வெளியேற்றும் பலகைகள் பூட்டியிருந்து சாவி அகப்படாவிடில், கரையே உடையக்கூடும். ஆகவே அவற்றின் சாவி ஒன்று நீர்பாய்ச்சியிடமும், மற்றொன்று கரைக்கு அருகில் வசிக்கும் பொறுப்புள்ள ஒருவரிடமும் எந்நேரமும் இருத்தல் அவசியம்.

குடிநீர்த் தொட்டிக்கும் இவ்விதியே பொருந்தும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், மேல்நிலைத் தொட்டி நீரில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டு, நாடெங்கும் அதிர்ச்சி உண்டாயிற்று. தொட்டியின் மேல் மூடி, ஏணி ஏறும் வழி, மோட்டார் அறை, வால்வுக் குழி ஆகிய நான்கையும் தனித்தனியே பூட்டுதல் தகும்.

பயிருக்கும் குடிப்பதற்கும் உரிய ஜலம் குறையும்படி தீங்கிழைப்போருக்கு ஐந்து வருஷம் வரை சிறைத்தண்டனை உண்டென்பது 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் 430-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சம்ஹிதையின் 326-ஆம் பிரிவாயிற்று. ஆனால் தண்டனை, வடிந்துபோன ஜலத்தைத் திரும்பக் கொணராது. ஆகையால் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கூடி, கார்ப் பருவத்துக்கு முன் ஒரு முறையும் பிசானத்துக்கு முன் ஒரு முறையும் பூட்டுகளையும் சாவிகளையும் பரிசோதித்து வருவார்களாக.