கோடை முதிர்ந்த வேளையில் எங்கள் பூந்தோட்டம்

கத்திரி வெயில் தணிந்து வைகாசி முடியும் வேளையில் கொல்லைத் தோட்டத்தைச் சுற்றிவந்தால், ஆண்டுக் கணக்குப் பார்க்கும் வணிகரின் மனநிலை வந்துவிடுகிறது. இவ்வாண்டு என் கணக்கில் இழப்பே முன்னால் நிற்கிறது.

ஓசூரிலிருந்து தருவித்த ஐந்து ரோஜாத் தொட்டிகளைப் பிள்ளைகளைப் போலப் பேணினேன். நன்னீர் தட்டுப்பட்டதும் கிணற்று நீரை ஊற்றினேன். எங்களுடையது கடலோர ஊர். கோடை முற்ற முற்றக் கிணற்றில் உப்பு ஏறும். இலையோரங்கள் கருகியபோது, தண்ணீர் போதவில்லை என்றெண்ணி மேலும் ஊற்றினேன்! நீர் ஆவியாக, உப்பு மட்டும் தொட்டியில் தங்கிவிடும் என்பதை, மண்மேல் வெண்மை படர்ந்த பின்னரே உணர்ந்தேன். நான்கு செடிகள் பட்டுப்போயின. எஞ்சிய ஒன்றைக் கோடைமழையில் நன்கு நனையவிட்டேன், துளிர்த்திருக்கிறது.

மல்லிகையின் கதை வேறு. தங்கச்சிமடத்து நாற்றை வாங்கி மாமி தம் கையால் நட்ட செடி அது. மகளின் நிக்காஹ் வைகாசியில் என்று முடிவானதுமே, "மணப்பெண் தலையில் நம் வீட்டுப் பூதான்" என்று மாமி கூறிவிட்டார். கார்த்திகையில் கவாத்துச் செய்து தொழுவுரம் இட்டேன். பங்குனியில் பூத்துக் குலுங்கிற்று. ஆனால், மணநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் மொட்டுகள் ஊதா நிறமேறி வாடலாயின. பிளந்து பார்த்தால் உள்ளே புழு.

சூடும் பூவில் கடும் நஞ்சைத் தெளிக்க மனம் ஒப்பவில்லை. கெட்ட மொட்டுகளைக் கிள்ளி எரித்தோம். வேப்பங்கொட்டைப் பருப்பை லிட்டருக்கு 50 கிராம் வீதம் இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, வாரம் ஒருமுறை மாலையில் தெளித்தோம். பலன் கிட்டியது, ஆனால் காலம் கடந்தது. மணநாளில் கிடைத்தவை ஒரு கைப்பிடி மொட்டுகளே. மகள் கடைப்பூவைத்தான் சூடினாள். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே என்னை உறுத்தியது.

இத்தனைக்கும் நடுவே, யாரும் ஏறெடுத்துப் பாராத பத்துமணிப்பூ படிக்கட்டோரம் சிவப்பும் மஞ்சளுமாய்ப் படர்ந்துவிட்டது. தடித்த இலைகளில் நீரைச் சேமித்துக்கொள்ளும் செடி. நீர் மிகுந்தால்தான் அழுகும். என் மறதியே அதற்கு உரமாயிற்று போலும்!

ஆனி பிறந்ததும் மகளும் மருமகனும் மறுவீட்டு விருந்துக்கு வந்தனர். அன்று மாலை மல்லிகைச் செடியில் இலை தெரியாத அளவுக்கு மொட்டுகள். மாமி முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்து, எவரையும் தொடவிடாமல், மூன்று முழம் தாமே தொடுத்தார்.