மின்னஞ்சல் தடைப்பட்டியலும் அதினின்று மீளும் வழியும்

அருள்புரத்திலும் பல்லடம் சாலையை ஒட்டிய பிற ஊர்களிலும் விலைப்பட்டியலும் ஆர்டரும் இன்று பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே செல்கின்றன. நாம் அனுப்பிய கடிதம் ‘மறுக்கப்பட்டது’ என்னும் குறிப்புடன் திரும்புமாயின், சரக்கில் குறையில்லாதிருந்தும் ஆர்டர் கைநழுவும். ஆகவே அங்கத்தினர்கள் இதன் காரணத்தை அறிந்திருத்தல் அவசியம்.

கடிதம் அனுப்பும் ஒவ்வொரு சர்வருக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் உண்டு. வேண்டாத விளம்பரங்களும் மோசடிக் கடிதங்களும் புறப்படும் எண்களின் தொகுப்பே தடைப்பட்டியல். 1997-ல் அமெரிக்காவில் பால் விக்ஸி முதலியோர் இம்முறையைத் தொடங்கினர். 1998-ல் லண்டனில் ஸ்டீவ் லின்போர்டு நிறுவிய ஸ்பாம்ஹவுஸின் பட்டியலை இன்று உலகில் பலர் பின்பற்றுகின்றனர். பட்டியல் தானாக எதையும் தடுப்பதில்லை. கடிதம் பெறும் சர்வரே அதைக் கேட்டறிந்து, வாங்கவோ மறுக்கவோ செய்கிறது.

எண் பட்டியலில் ஏறக் காரணங்கள் மூன்று: கணினியில் புகுந்த வைரஸ், திருடப்பட்ட கடவுச்சொல், விலைக்கு வாங்கிய முகவரிகளுக்கு மொத்தமாக அனுப்புதல். ஒரே சர்வரைப் பலர் பங்கிட்டுக்கொண்டால், ஒருவர் குற்றம் மற்றவரையும் பற்றும். கடன்காரர் தவணை தவறினால் ஜாமீன்தாரர் பதில் சொல்வதை நாம் அறிவோம் அன்றோ?

மீளும் முறை பின்வருமாறு:

1. திரும்பி வந்த கடிதத்தைப் படித்து, எந்தப் பட்டியல், எந்த எண் என்று குறித்துக்கொள்க.

2. முதலில் காரணத்தை நீக்குக. வைரஸை அகற்றிக் கடவுச்சொற்களை மாற்றுக. காரணம் நிற்க எண்ணை மட்டும் நீக்கினால், அது மீண்டும் ஏறும்.

3. பின்னர் அப்பட்டியலாரின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்பாம்ஹவுஸின் எஸ்.பி.எல். பட்டியலாயின், இணைய இணைப்பு தருபவரே விண்ணப்பிக்க வேண்டும். இங்கு நீக்கத்திற்குக் கட்டணம் கிடையாது; பணம் கேட்கும் இடைத்தரகரை நம்பற்க.

வருமுன் காப்பது மேலும் நன்று. அனுப்புபவர் இன்னார் என மெய்ப்பிக்கும் எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய பதிவுகளைச் சர்வர் பராமரிப்பவரைக் கொண்டு அமைத்தல் வேண்டும். தன் ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் வைத்திருக்க வேண்டுமென 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதித்துள்ளது. குறைவாக அனுப்பும் சங்கங்களுக்கும் இவை நன்மையே பயக்கும்.

நாணயம் சம்பாதிக்க ஆண்டுகள் பல ஆகும். இழக்க ஒரு நாள் போதும். சங்கத்தின் கடவுச்சொல்லைப் பணப்பெட்டிச் சாவியைப் போலவே பாதுகாப்போமாக.