காமிராவும் கடற்காற்றும்

விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்குச் சென்று படம் எடுக்க விழைவோர் பலர். கரை சேரும் விசைப்படகுகளும், கூடை கூடையாக இறங்கும் மீனும், ஏலம் கூறுவோரின் ஆரவாரமும் கண்ணுக்கு விருந்தாவன. ஆனால், குளிர்சாதன அறையில் இரவெல்லாம் கிடந்த காமிராவை உறையினின்று எடுத்த மாத்திரத்தில், லென்ஸின்மீது வெண்திரை படர்ந்துவிடுகிறது. அது விலகுவதற்குள் ஏலம் முடிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கழிந்து முதற்படகுகள் திரும்பும் காட்சியாயின், அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்நீர் எங்கிருந்து வந்தது? காமிராவினுள்ளிருந்து அன்று; காற்றிலிருந்தே வந்தது. பனிக்கட்டி இட்ட குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? அதுவே இங்கும் நிகழ்வது. 28 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தாங்கும். 28 டிகிரியிலுள்ள கடலோரக் காற்று தன் கொள்ளளவில் நூற்றுக்கு 85 பங்கு ஈரத்தைச் சுமந்திருந்தால், சுமார் 25 டிகிரிக்குக் குறைந்த எப்பொருளைத் தொட்டாலும் அதன்மேல் நீரைத் துளிக்கும். இவ்வெல்லையைப் பனிநிலை என்பர். குளிர்சாதன அறையோ பெரும்பாலும் 22, 24 டிகிரியில் இருப்பது. உறைந்த மீனை வைக்கும் கிடங்கோ பூஜ்யத்திற்கும் மிகக் கீழே இருப்பது.

ஆகவே, காமிரா வெப்பம் ஏறும்வரை ஈரக்காற்றை அதனிடம் அண்டவிடலாகாது. குளிர்ந்த இடத்தை விட்டுப் புறப்படுமுன்னரே அதனைப் பிளாஸ்டிக் பையிலிட்டு, வாயை இறுக மூடுக. ஈரம் பையின் புறத்தே படியும். காமிரா உலர்ந்தே இருக்கும். அறையிலிருந்து வந்ததாயின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பொறுத்துத் திறக்கலாம். கிடங்கிலிருந்து வந்ததாயின் இன்னும் நெடுநேரம் வேண்டும். கிடங்கினுள் நுழையும்போது இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. வெளியே வரும்போதுதான் அபாயம்.

நீர் படிந்துவிட்டால் லென்ஸைக் கழற்றாதீர்கள், உட்புறமும் நனையும். அழுத்தித் துடைக்காதீர்கள், கடற்காற்றின் உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். மின்விசையால் இயங்கும் கருவியாயின் அதனை இயக்காமல், தானே உலர விடுங்கள். வீடு திரும்பியதும் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் பெட்டியில் வைத்து மூடுங்கள். தங்கிய ஈரத்தில் பூஞ்சை வளருமாயின், அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பின்னர் எத்துணைத் துடைத்தாலும் அவ்வடு நீங்காது.

இவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. வைகறையில் துறைமுகம் செல்ல வேண்டியவர், முந்திய இரவே காமிராவைக் குளிர்சாதனம் இல்லாத அறையில் வைத்துவிட்டு உறங்கலாம்.