மூலக்கூற்றை நிறுக்கும் துலாக்கோல்

பொன்னை நிறுக்கச் சிறு தராசும் நெல்லை நிறுக்கப் பெருந்தராசும் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூற்றை நிறுக்க எத்தராசு உதவும்? அதற்கென அமைந்ததே நிறை நிறமாலைமானி என்னும் கருவி.

இக்கருவிக்குத் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, காற்று நீக்கிய குழாயினுள் மின்விசையால் உந்திவிடுவர். ஒத்த மின்னூட்டம் பெற்றவற்றுள் இலேசானது முந்தும், கனத்தது பிந்தும். ஓடிய காலத்தைக் கொண்டு நிறையைக் கணிப்பர். காந்தத்தால் வளைத்து அளக்கும் வகையும் உண்டு. இங்கிலாந்து நாட்டு ஆஸ்டன் 1919-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவியால் தனிமங்களை ஆராய்ந்தார். ஆனால் புரதங்களோ ஆவியாக்குமுன் சிதைந்துவிடும் மென்மையுடையன. அவற்றைச் சிதையாமல் பறக்கச் செய்யும் வழிகளை அமெரிக்கரான ஃபென்னும் சப்பானியரான தனாக்காவும் கண்டனர். 2002-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இக்கருவியின் ஆற்றலை நம் கடற்கரை நத்தை ஒன்று நன்கு விளக்கும். இந்தியாவின் தென்கிழக்குக் கடலில் 'கோனஸ் அமாடிஸ்' என்னும் கூம்பு நத்தை வாழ்கிறது. அதன் ஓடு அழகியது, உள்ளிருப்பதோ நஞ்சு. பிற நத்தைகளை அந்நஞ்சால் வீழ்த்தி அது உண்ணும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் பலராம் முதலிய அறிஞர்கள் அந்நஞ்சினின்று ஒரு சிறு புரதத்தைப் பிரித்து, 2003-ஆம் ஆண்டில் அதன் அமைப்பை வெளியிட்டனர். அதன் பெயர் 'ஏஎம் 2766'. முன்னெழுத்துகள் நத்தையைக் குறிக்கும். எண் மூலக்கூற்றின் நிறையைக் குறிக்கும். கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஒன்று எனக் கொண்டால் அதன் நிறை ஏறத்தாழ 2,766 ஆகும்.

நிறையிலிருந்து அமைப்பு எவ்வாறு புலனாகும்? அப்புரதம் 26 அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோத்த மாலை போன்றது. மாலையைத் துண்டாக்கி ஒவ்வொன்றையும் நிறுத்தால், ஒரு மணி குறைந்த துண்டுக்கும் குறையாத துண்டுக்கும் உள்ள வேறுபாடு அம்மணி இன்னதெனக் காட்டிவிடும். லியூசின், ஐசோலியூசின் என்னும் இரண்டு மட்டும் ஒரே நிறையின. அவற்றைப் பிரித்தறிய வேறு வழி வேண்டும்.

அம்மாலையைக் கந்தகப் பாலங்கள் மடித்துக் கட்டியுள்ளன. பாலமொன்று உடைந்து ஹைட்ரஜன் ஏற்றால் நிறையில் இரண்டு கூடும். இவ்வாறு நிறை மாறுவதைக் கொண்டு பாலங்களை எண்ணலாம். இப்புரதத்தில் அவை மூன்று எனத் தெளிந்தனர். மாலையின் கடைசி முனை வழக்கமான அமிலமாக இராமல் அமைடாக மாறியிருந்தது. இவ்விரண்டிற்கும் நிறையில் வேறுபாடு ஒன்றே ஒன்று. அச்சிறு வேறுபாட்டையும் கருவி தவறவிடவில்லை.

இந்நுட்பத்தால் விளையும் பயன் பெரிது. ஏஎம் 2766 நரம்பணுக்களின் சோடிய வாயில்கள் உரிய காலத்தில் மூடாதபடி தடுக்கிறது. மற்றொரு கூம்பு நத்தையின் நஞ்சைப் பின்பற்றிச் செய்த சைகோனோடைடு என்னும் மருந்து, கடும்வலி தணிக்க 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நஞ்சை மருந்தாக்க விழைவோர் அதன் அமைப்பைப் பிழையற அறிதல் வேண்டும். ஒரு மணி மாறினும் மருந்து பயனற்றுப் போகலாம். அணுவளவு வேறுபாட்டையும் புறக்கணியாத கூர்மையே உயிர்காக்கும் அறிவுக்கு அடிப்படையாகும்.