வயலுக்குப் போகவே மனசு வரவில்லையா?

சென்ற இதழுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை ஆசிரியர் குழு எனக்கு அனுப்பியிருந்தது. டெல்டா பகுதியைச் சேர்ந்த ஒரு வாசகர் எழுதியது. பூச்சி, நோய், உரம் என்று எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டது இதுதான்:

‘26 வருடமாக நெல் விவசாயம் செய்கிறேன். 4 ஏக்கர் சொந்த நிலம். மகன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். இரண்டு வருடமாக வயலுக்குப் போகவே மனசு வரவில்லை. போனாலும் வரப்பில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். பேசாமல் குத்தகைக்கு விட்டுவிடலாமா?’

இதற்கு மருந்துக் கடையில் மருந்து இல்லை. ஆனால் நானும் ஒரு காலத்தில் இதே நிலையில் இருந்தவன் என்பதால் பதில் எழுதத் துணிகிறேன்.

பதிவேட்டில் மட்டும் பார்த்த பயிர்

விவசாயப் பட்டப்படிப்பு முடித்து வேலைக்கு வந்து எட்டு, ஒன்பது வருடம் ஆகியிருந்த நேரம். காலையில் கூட்டம், மதியம் அறிக்கை, மாலையில் இலக்கு எவ்வளவு முடிந்தது என்ற கேள்வி. ஊர் ஊராகப் போவேன். வண்டியை ரோட்டோரம் நிறுத்தி வயலை ஒரு பார்வை பார்ப்பேன். குறிப்பேட்டில் ‘பயிர் நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஒருநாள் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால் எல்லாப் பக்கத்திலும் அதே வரி. என்னோடு படித்த சிலர் வங்கி வேலைக்குப் போயிருந்தார்கள். நானும் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன்.

அந்த வருடம் சம்பா அறுவடையின்போது ஒரு செயல்விளக்கத் திடலுக்குப் போயிருந்தேன். நிலத்துக்காரர் வயதில் பெரியவர். களத்தில் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “சார், நட்ட அன்னைக்கு வந்தீங்க. இப்போ அறுக்கிற அன்னைக்கு வந்திருக்கீங்க. நடுவுல இது எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் பதில் இல்லை.

அடுத்த சம்பாவில் அவரிடமே போய், “ஐயா, எனக்கு ஒரு 5 சென்ட் ஒதுக்கிக் கொடுங்க. வாரா வாரம் வந்து பார்க்கிறேன்” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வாய்க்கால் ஓரமாக ஒரு துண்டைக் காட்டினார். வெள்ளைப் பொன்னி. மற்ற வயலுக்கு அவர் வழக்கமாகப் போடும் நாளில் யூரியா. இந்த 5 சென்டுக்கு மட்டும் இலை வண்ண அட்டையைப் பார்த்து, பயிர் கேட்டால் மட்டும் யூரியா. இதுதான் எங்கள் இருவருக்கும் உள்ள ஒப்பந்தம்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே இருப்பேன். முதல் இரண்டு வாரம் கடமைக்குத்தான் போனேன். மூன்றாவது வாரத்திலிருந்து திங்கள் இரவே, ‘நாளைக்கு இலை எந்த நிறத்தில் இருக்கும்?’ என்ற நினைப்பு வந்துவிட்டது. ஒரு தவணை யூரியாவை நிறுத்தி வைத்தபோது பெரியவருக்குப் பயம், எனக்கும்தான். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பயிர் வாடவில்லை. பக்கத்து வயலில் இருந்த அளவுக்கு இலைச்சுருட்டுப் புழுவும் இதில் இல்லை. தழைச்சத்து அதிகமானால் பூச்சியும் அதிகமாகும் என்று கல்லூரியில் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அறுவடையில் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. மகசூலில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஒரு தவணை யூரியா மிச்சம். அவ்வளவுதான். ஆனால் மறு வருடம் நான் சொல்லாமலேயே பெரியவர் ஒரு ஏக்கருக்கு அந்த அட்டையைப் பார்த்தே உரம் போட்டிருந்தார். வங்கி விண்ணப்பம் எந்த அலமாரியில் போனதோ, தெரியவில்லை.

அன்று எனக்குப் புரிந்தது ஒன்று. ஊக்கம் முதலில் வந்து, பிறகு நாம் வயலுக்குப் போவதில்லை. அங்கே பார்க்க ஏதாவது இருந்தால் கால் தானாகப் போகிறது. ஊக்கம் பின்னாலேயே வருகிறது.

முதலில் எந்தச் சோர்வு என்று பாருங்கள்

மஞ்சளான பயிருக்கு எல்லாம் யூரியா போட மாட்டோம். தண்ணீர் தேங்கியதா, துத்தநாகக் குறைவா என்று பார்த்த பிறகுதான் மருந்து. மனசுக்கும் அப்படியே.

உடம்புக் களைப்பு என்றால் ஓய்வுதான் மருந்து. நடவு, அறுவடை நேரம் தவிர, வாரம் ஒருநாள் வயலுக்குப் போகாவிட்டால் பயிர் செத்துவிடாது.

கணக்குச் சோர்வு என்றால், கடனும் நஷ்டமும் மனசை அழுத்துகின்றன என்று பொருள். அதை உற்சாகப் பேச்சால் தீர்க்க முடியாது. எங்கே, எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரே தாளில் எழுதி வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

மூன்றாவது, செய்ததையே செய்யும் சலிப்பு. 26 வருடம் ஒரே ரகம், ஒரே தேதி, ஒரே உரம் என்றால் யாருக்கும் இது வரும். கீழே சொல்பவை இந்தச் சலிப்புக்கானவை.

வாரம் ஒருநாள் வெறுங்கையோடு போங்கள்

மண்வெட்டி வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். வயலில் குறுக்காக நடந்து 10 இடத்தில் நில்லுங்கள். ஒரு குத்தில் எத்தனை தூர், தூரடியில் புகையான் உண்டா, சிலந்தி உண்டா, தண்ணீர் எவ்வளவு என்று எழுதுங்கள். இலை வண்ண அட்டை இருந்தால், நட்ட 14-ம் நாளிலிருந்து பூக்கத் தொடங்கும் வரை வாரம் ஒருமுறை காலை 8 முதல் 10 மணிக்குள் பாருங்கள். மேலிருந்து மூன்றாவதாக நன்கு விரிந்த இலையை, உங்கள் நிழல் விழும்படி நின்று அட்டையோடு ஒப்பிட வேண்டும். 10 இலையில் 6 அல்லது அதற்கு மேல், வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே இருந்தால் மேலுரம் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் வரை காத்திருங்கள்.

நான்கு வாரம் எழுதிய பிறகு முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐந்தாவது வாரம் யாரும் சொல்லாமலே போவீர்கள்.

ஒரு போகத்துக்கு ஒரு கேள்வி

5 சென்ட் ஒதுக்குங்கள். அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். ஒற்றை நாற்று நட்டால் என்ன ஆகும்? காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால்? பாரம்பரிய ரகம் ஒன்று போட்டால்? இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாது. பக்கத்திலேயே இன்னொரு 5 சென்டில் உங்கள் வழக்கப்படி செய்யுங்கள். இரண்டையும் தனித்தனியாக அறுத்து எடை போடுங்கள். 5 சென்டில் 10 கிலோ வித்தியாசம் என்றால் ஏக்கருக்கு 200 கிலோ. தோற்றாலும் இழப்பு அந்த 5 சென்டோடு போகும்.

கையில் இருப்பதை அளந்து பாருங்கள்

மழையும் விலையும் நம் கையில் இல்லை. அவற்றை வைத்து நம்மை மதிப்பிட்டால் எந்த வருடமும் மனசு நிறையாது. ஒரு கிலோ நெல் விளைய என்ன செலவானது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, ஏக்கருக்கு ₹30,000 செலவு, 2,000 கிலோ மகசூல் என்றால் கிலோவுக்கு ₹15. அதே மகசூலுக்குச் செலவை ₹27,000 ஆக்கினால் ₹13.50. விலை ஏறாத வருடத்திலும் இந்த ஒன்றரை ரூபாய் உங்கள் வேலையின் பலன். சொந்த உழைப்புக்கும் கூலி போட்டுக் கணக்கிடுங்கள்.

தனியாகச் செய்யாதீர்கள்

1989-ல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காக வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. கரும்பலகை இல்லை, வயல்தான் வகுப்பு. விவசாயிகள் வாரம் ஒருமுறை கூடி, பயிரைப் பார்த்து, எண்ணி, படம் வரைந்து, என்ன செய்யலாம் என்று தாங்களே முடிவெடுத்தார்கள். நம் ஊரிலும் இந்த முறை வந்தது. திட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து வயல்காரர் இரண்டு பேர் போதும். இந்த வாரம் அவர் வயல், அடுத்த வாரம் உங்கள் வயல். மகன் ஊருக்கு வரும்போது நோட்டை அவனிடம் கொடுங்கள். அவன் திரும்பி வர வேண்டும் என்பதற்காக இல்லை. அப்பா என்ன செய்கிறார் என்று அவனுக்குத் தெரியட்டும்.

குத்தகைக்கு விடலாமா?

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். குத்தகைக்கு விடுவது தவறே இல்லை. உடம்பு ஒத்துழைக்காதவருக்கும், கணக்கு ஒத்துவராதவருக்கும் அது நல்ல முடிவுதான். ஆனால் சலிப்பில் இருக்கும்போது முடிவெடுக்காதீர்கள். வருகிற போகத்தில் நோட்டோடு வயலுக்குப் போங்கள். அறுத்து, எடை போட்டு, கணக்கு எழுதுங்கள். அதன் பிறகும் விடலாம் என்று தோன்றினால் நிம்மதியாக விடுங்கள். முடியுமானால் அந்த 5 சென்டை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் அது சலிப்பு இல்லை. வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். வெட்கப்படாமல் வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். 104 அல்லது 14416 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம்.

நான் ஓய்வு பெற இன்னும் சில வருடங்களே உள்ளன. இப்போதும் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு யாராவது ஒருவர் வயலில் இருப்பேன். உங்கள் 5 சென்டில் என்ன கேள்வி கேட்டீர்கள், வயல் என்ன பதில் சொன்னது என்று அறுவடை முடிந்ததும் இந்த இதழுக்கு எழுதுங்கள். தோற்றிருந்தாலும் எழுதுங்கள்.